ரோடு காயும்வரை

1993 அக்டோபர் 3, ஞாயிறு

ஹார்லனுக்கு,

கவரைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். ஒரே ரோட்டில் ஏழு மைல் தள்ளி இருக்கிற அக்கா, சுவரில் ஃபோன் தொங்கிக்கொண்டிருக்க, ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் எழுதுகிறாளே என்று. தபால்கார டெல்மர் இதை எடுத்துக்கொண்டு ஐம்பத்தெட்டு மைல் தாண்டி மைல்ஸ் சிட்டி போவார். அங்கே முத்திரை குத்தி, திரும்பவும் இதே ரோட்டில் கொண்டுவந்து உன் பெட்டியில் போடுவார். போடட்டும். அப்பாவைப் புதைத்த அன்று என் அடுப்படியில் நின்றுகொண்டு நீ சொன்னதைக் கேட்ட பிறகு, உன் குரலை இன்னொரு தடவை காதில் வாங்க எனக்கு மனமில்லை. "நாளை எண்ணிக்கிட்டு இருக்கிறவனுக்கு எதுக்கு டிரக்கு?" உன் அத்தான் லெஸ்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். கேட்டார். சிரித்தார் என்பது வேறு விஷயம்.

அப்பா டிரக்கை நம் இருவருக்கும் பொதுவில் எழுதிவைத்தது நம் தலைவிதி. அதன் நான்கு டயரும் மொட்டை. பனி விழுவதற்குள் மாற்றியாக வேண்டும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் லெஸ்டரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டும். நம் மண்ரோட்டில் ஒன்பது மைல், அப்புறம் நாற்பத்தொன்பது மைல் நெடுஞ்சாலை, குளிர்காலம் முழுக்க ஐஸ். அதனால் பழையபடி ஆல் டெரெய்ன் டயரே போடலாம். மண்ணிலும் போகும், தாரிலும் நிற்கும். இதில் வாதாட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

வெர்னா

&nbsp;

அக்டோபர் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது டெல்மர் கண்ணடித்தார். "உங்க சண்டை நீடிக்கிற வரைக்கும் என் வேலைக்கு ஆபத்தில்ல" என்றார். ஊர் சிரிக்கிறது, உனக்குச் சந்தோஷம்தானே.

அந்த வார்த்தையைக் குடித்துவிட்டுச் சொன்னேன். அத்தானிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவர் விட்டுவிட்டார். நீதான் அதை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாய்.

இப்போது டயருக்கு வருகிறேன். போன ஏப்ரலில் எனக்குப் பதின்மூன்று கன்று போனது உனக்கு நினைவிருக்கிறதா, இல்லையா? கிடேரிகள் ஈனுவது ரோட்டின் அந்தக் கோடியில், நெடுஞ்சாலையை ஒட்டிய கீழ்மேய்ச்சலில். என் வீடோ இந்தக் கோடியில். இடையில் பதினாறு மைல் களிமண். மழை பெய்த முதல் நாளே உன் ஆல் டெரெய்ன் டயரின் பட்டன் இடுக்கெல்லாம் களி புகுந்து அப்பி, நான்கு டயரும் மொழுமொழு என்று ஆகிவிட்டது. வண்டி உன் வீட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. மூன்று நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளை மூஞ்சிக் கிடேரி, கன்று பாதி வெளியே வந்த நிலையில், செத்துக் கிடந்தது. குதிரையில் போயிருக்கலாமே என்பாய். போனால்? விறைத்துப்போன கன்றை டிரக்கின் ஹீட்டர் முன்னால் கிடத்தினால்தான் பிழைக்கும். குதிரைக்கு ஹீட்டர் இல்லை.

மட் டெரெய்ன் போடுகிறேன். பட்டன் பெரிது, இடைவெளி அகலம், சுற்றச் சுற்றச் சேற்றைத் தானே உதறிவிடும். அத்தானுக்கு ஆஸ்பத்திரி எப்படியோ, எனக்கு அந்தக் கிடேரிகள் அப்படி. அவற்றை விட்டால் பண்ணையை வங்கி எடுத்துக்கொள்ளும், நானும் டவுனில் யாருக்காவது கார் துடைக்க வேண்டியதுதான்.

தம்பி ஹார்லன்

&nbsp;

அக்டோபர் 20

ஹார்லனுக்கு,

உன் கன்றுகளுக்காக நானும் அழுதிருக்கிறேன். ஆனால் கன்றையும் லெஸ்டரையும் ஒரே தராசில் வைக்கிறாயே, அந்தக் கைக்கு என்ன சொல்வது?

சேற்று டயர் ஐஸில் நிற்காது. அதன் பட்டன் பாறை மாதிரி கெட்டி, ஐஸைப் பிடிக்கிற சின்னச் சின்னக் கீறல்கள் அதில் கிடையாது. ஆற்றுப்பாலத்தில் பிரேக்கை மிதித்தால் எங்கே போய் நிற்போம் என்று எனக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. வாரம் மூன்று நாள், போக வர, நான் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறேன். ஆளுக்கு ஒரு செட் வாங்கிவைக்க நம் இருவருக்கும் வக்கில்லை. இதையும் நீயே அறிவாய்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா இந்த ரோட்டில் ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். ரோடு ஈரமாக இருந்தால் வீட்டில் இரு. ஈரக்களியில் ஒருவன் வண்டி ஓட்டினால் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும். அது காய்ந்தாலும் உறைந்தாலும் சிமென்ட். அப்புறம் அடுத்த மழை வரைக்கும் ரோட்டில் இருக்கிற ஒவ்வொருவனும் அதில் அச்சை உடைத்துக்கொள்ள வேண்டும். கிரேபில் வீட்டுக்காரன் ஒரு வருஷம் அப்படிப் போனதற்கு, கோடை முழுக்க அவனோடு யாரும் பேசவில்லை. ஆல் டெரெய்ன் போட்டவனை ரோடே நிறுத்திவிடும். சேற்று டயர் போட்டவன் போகக்கூடாத நேரத்திலும் போவான், ஏனென்றால் அவனால் முடியும். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

மார்ச் முடியும்வரை ஆல் டெரெய்ன் இருக்கட்டும். அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள். இதற்கு மேல் இறங்கிவர என்னால் முடியாது.

வெர்னா

&nbsp;

நவம்பர் 6

அக்காவுக்கு,

நேற்று டவுனில் மட் டெரெய்ன் நான்கும் மாட்டியாகிவிட்டது. உன் சம்மதத்துக்குக் காத்திருந்தால் டயர் வராது, பேரப்பிள்ளைதான் வரும். கடைக்காரனிடம் ஐஸைப் பற்றிக் கேட்டேன். மெதுவாக ஓட்டினால் எல்லா டயரும் நிற்கும் என்றான். நீ எப்படியும் சவ ஊர்வல வேகத்தில்தான் ஓட்டுவாய், உனக்கென்ன.

உன் நாட்களில் வண்டி காலை ஆறு மணிக்கு உன் வாசலில் நிற்கும். ஒரு நாளும் தவறாது. அதில் என்னை நீ குறை சொல்ல முடியாது.

நேரிலேயே சொல்லலாம் என்றுதான் வாசலில் ஹாரன் அடித்தேன். நீ திரைச்சீலையை இழுத்துவிட்டாய்.

ஹார்லன்

&nbsp;

டிசம்பர் 19

ஹார்லனுக்கு,

வண்டி ஆறு மணிக்கு நிற்கிறது. அதற்கு நன்றி. ஏறி உட்கார்ந்தால் மைல்ஸ் சிட்டி வரைக்கும் அந்த டயர் போடுகிற ஊளையில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதில்லை. "சர்ச் ஆர்கனை நம்ம மச்சான் காசில்லாம அனுப்பிவச்சிருக்கான்" என்கிறார் லெஸ்டர். அவருக்கு உன்மேல் கோபமே வராது. எனக்கு அதிலும் எரிச்சல்தான்.

செவ்வாய்க்கிழமை பாலத்தில் முழுச் சுற்று சுற்றினோம். எதிரே லாரி இல்லை, பிழைத்தோம். வண்டி நின்றபோது வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. லெஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கே போயிடலாம்னு வண்டி சொல்லுது" என்றார். அன்று மாலை உருளைக்கிழங்கு நறுக்கும்போதுகூட என் கால் பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது. கிட்னி போனவருக்கு உருளைக்கிழங்கே ஆகாது, அதிலிருக்கிற பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடுமாம். இரண்டு தடவை ஊறவைத்துக் கொட்டி, ருசியெல்லாம் போன பிறகு நான்கு துண்டு கொடுக்கிறேன். முன்பு மலையளவு தின்றவர்.

இப்போது நெடுஞ்சாலையில் இருபத்தைந்து மைல் வேகத்தில் போகிறேன். ஒவ்வொரு தடவையும் தாமதம். நர்ஸுகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு உன்னை அழைக்கச் சொன்னார். நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அழைத்தால் வா. பரிமாறுவேன். பேச மாட்டேன்.

வெர்னா

&nbsp;

1994 மார்ச் 10, வியாழன்

அக்காவுக்கு,

இன்றைக்கு உன் தம்பி பேசட்டும், நீ கேட்டுக்கொள்.

நேற்று மதியம் பனி உருகத் தொடங்கியதிலிருந்து ரோடு கஞ்சி. காலையில் வண்டியை விட வந்தபோது உன் கேட்டில் துண்டுச்சீட்டு. 'ரோடு ஈரம். இன்று போகவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன். உறைந்த பிறகு சனிக்கிழமை போவோம். வண்டி உன்னிடமே இருக்கட்டும்.' அப்பாவின் சட்டம்! எனக்குச் சிரிப்புதான் வந்தது. சரி என்று நேரே கீழ்மேய்ச்சலுக்கு விட்டேன். அக்கா, அந்த டயரை நீ பார்த்திருக்க வேண்டும். சேற்றைக் கூரை உயரத்துக்கு வீசிக்கொண்டு, ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. குள்ளநரி வளைவில் மட்டும் ஓடைப்பக்கம் கொஞ்சம் இழுத்தது. ஒரு மிதி மிதித்தேன், ஏறிவிட்டது. வைக்கோல் ஏற்றிக்கொண்டு மொத்தம் நான்கு நடை. இரட்டைக் கன்று ஒன்று, தலைச்சன் ஐந்து, எல்லாம் உயிரோடு. விறைத்த இரண்டு ஹீட்டர் முன்னால் கிடந்து, எழுந்து என் பூட்ஸை நக்கின. போன வருஷம் இதே மாதிரி ஒரு நாளில் நான் ரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

உன் வீட்டைத் தாண்டும்போது அத்தான் ஜன்னலில் உட்கார்ந்து கை ஆட்டினார். நானும் ஹாரன் அடித்தேன். நீயும் அவரும் ஏறியிருந்தால் கல்யாண ஊர்வலம் மாதிரி டவுனில் இறக்கிவிட்டிருப்பேன். வீம்புக்கு ஒரு அளவு உண்டு.

இப்போதாவது சொல். எந்த டயர்?

ஹார்லன்

&nbsp;

மார்ச் 19, சனி

ஹார்லனுக்கு,

நெடுஞ்சாலையில் டெல்மர் கையில் நீ கொடுத்தனுப்பிய பத்தாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. லெஸ்டரைப் புதைத்த மறுநாள். உன் தடத்தால் ஒரு வாரம் டெல்மரால் ரோட்டில் ஏற முடியவில்லை. நேற்றுதான் மேய்ச்சல் வழியாகச் சுற்றி வந்தார். கவரை என் கையில் தரும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கேட்டாய், சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உன் டிராக்டரில் போனாய். இரவில் எல்லாம் உறைந்தது. சனிக்கிழமை காலை லெஸ்டரை ஏற்றினேன். வியாழன் தவறியதில் அவர் முகம் உப்பியிருந்தது, கை கால் கனக்கிறது என்றார். ரோட்டில் நீ வெட்டிய தடம், இரும்பு மாதிரி. முதல் நான்கு மைல் புல்லில் இறங்கி ஓட்டினேன். குள்ளநரி வளைவில் இறங்க இடமில்லை. ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் ஓடை. தடத்தில் விழுந்தோம். அதே வண்டி, அதே டயர், அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அதன்பின் ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. நீ எங்கே ஓடைப்பக்கம் இழுபட்டாயோ, அங்கேயே எங்களையும் கொண்டுபோனது. நீ ஒரு மிதி மிதித்து ஏறினாய். அது சேறு. எங்களுக்கு அது கல். முன்சக்கரத்தைத் திருப்புகிற தடி முறிந்து வண்டி சாய்ந்து நின்றது.

போர்வையை அவர்மேல் சுற்றிவிட்டு நெடுஞ்சாலைக்கு நடந்தேன், நாலரை மைல். முதலில் வந்த கார்க்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது நம் ரோட்டில் ஒரு மைல்கூட வரவில்லை. இரண்டு தடத்துக்கும் நடுவிலிருந்த மேட்டில் வயிறு தட்டி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றியது. அந்த இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள், தடுக்கி விழுந்தார்கள், திரும்ப ஓடினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. உடனே மெஷினில் போட்டார்கள். ராத்திரி தாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் மணி அடிக்கிற நேரத்தில் இதயம் நின்றுவிட்டது.

சாவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டில் ஐந்து தட்டு உருளைக்கிழங்கு. சீஸ் போட்டது, க்ரீம் போட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ கடைசி வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். உன் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. கிரேபில்கூட உட்காரவில்லை.

எந்த டயர் என்று கேட்டாய். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

வெர்னா

&nbsp;

மார்ச் 27

அக்கா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

தெரியாது. எனக்குத் தெரியாது என்று எழுதினால் நீ சிரிப்பாய். தடம் விழும் என்று தெரியும். உறையும் என்றும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டிராக்டரில் பிளேடு மாட்டி இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். உறைந்த மண்ணில் பிளேடு இறங்காது என்பதும் தெரியும். அன்றைக்கு அந்த ஏழு கன்றையும் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான். சப்பைக்கட்டு கட்டவில்லை.

அத்தான் கிறிஸ்துமஸ் அன்று, நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது என்னிடம், "உங்கக்கா கோவத்துல நியாயம் இருக்கு மச்சான், ஆனா கன்னுக்குட்டிங்களுக்கும் யாராச்சும் வேணும்ல" என்றார். அதை நான் உன்னிடம் சொல்லக் கூடாது. எனக்குச் சாதகமாகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். ஆனாலும் எழுதிவிட்டேன்.

கடையில் காபி குடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நிற்கட்டும்.

டிரக்கைச் சரி செய்துவிட்டேன். நேற்று டவுனில் ஆல் டெரெய்ன் நான்கு மாட்டி உன் கேட்டில் நிறுத்தியிருக்கிறேன். சாவி வண்டியிலேயே இருக்கிறது. கழற்றிய சேற்று டயர்களை ரிம்மோடு பின்னால் போட்டிருக்கிறேன், கண் காணாத இடத்தில் தள்ளிவிடு. டிரக் இனி உன்னுடையது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முன்சீட்டில் வைத்திருக்கிறேன். நீயாகக் கூப்பிடாமல் அதைத் தொட மாட்டேன். ரோடு ஈரமாக இருந்தால் இனி என் சக்கரம் உருளாது. அப்பா மேல் ஆணை.

நீ கூப்பிட்டால் எந்த நேரமானாலும் வருவேன். ஃபோன் பக்கத்திலேயே படுக்கிறேன்.

ஹார்லன்

&nbsp;

ஏப்ரல் 13, புதன்

ஹார்லனுக்கு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மழை, நடுவில் பனி, திரும்ப மழை. ரோடு கஞ்சி. இந்தப் பக்கம் எந்தச் சக்கரமும் உருளவில்லை.

டிரக் நீ விட்ட இடத்திலேயே நிற்கிறது. பதினெட்டு நாளில் ஒரு தடவைகூட அதைக் கிளப்பவில்லை. செவ்வாய் வந்தால் காலை ஐந்தரைக்கு விழிப்பு வருகிறது, எழுந்து காபி போடுகிறேன், அதற்குப் பிறகு போக இடமில்லை. புது டயரில் வாங்கும்போது இருக்கும் ரப்பர் முடிகள்கூட இன்னும் தேயவில்லை. எவ்வளவு நல்ல டயர். அக்டோபரில் நான் கேட்டது இதைத்தான்.

மூன்று நாளாக நீ குதிரையில் போவதைப் பார்க்கிறேன். காலையில் கீழே போகிறாய், சாயங்காலம் மேலே வருகிறாய். நேற்று சேணத்தின் குறுக்கே ஒரு கன்றைக் கிடத்தி, உன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டிருந்தாய். என் கேட்டைத் தாண்டும்போது அதன் தலை தொங்கியது. நீ டிரக்கையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது கிடேரிகள் கத்துவது அடுப்படி வரைக்கும் கேட்கிறது. எத்தனை போயிற்று? பதின்மூன்று தாண்டிவிட்டதா?

யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். மார்ச் பத்தாம் தேதி, நீ முதல் நடை போனபோது லெஸ்டர் ஜன்னலிலிருந்து திரும்பி, "வெர்னா, உன் தம்பிக்கு ஒரு ஃபோன் போடேன். அடுத்த தடவ போறப்ப நாமளும் தொத்திக்கலாம். டயர் நல்லாத்தான் இழுக்குது" என்றார். ரோடு ஈரமாக இருக்கும்போது போகக்கூடாது, அப்பாவின் சட்டம் என்றேன். இரண்டாவது நடை போனாய். மூன்றாவது போனாய். நான்காவது தடவை நீ திரும்பும்போது அவர் என்னைக் கேட்கவில்லை, சும்மா கை மட்டும் ஆட்டினார். ரோட்டைக் காப்பாற்றுவதற்காக நான் உட்கார்ந்திருக்கவில்லை, ஹார்லன். ரோடுதான் ஏற்கனவே நாசமாகிக்கொண்டிருந்ததே, கண் எதிரே. உன் குரலைக் கேட்க வேண்டியிருக்குமே என்றுதான் ஃபோனை எடுக்கவில்லை. உன் சேற்று டயர் அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஆகவே வந்து டிரக்கை எடுத்துக்கொள். நான் சொல்கிறேன், கூப்பிடுகிறேன். பின்னால் கிடக்கிற சேற்று டயரை மாட்டு, ஜாக்கி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அரை மணி நேர வேலை. ரோட்டை எப்படி வேண்டுமானாலும் கிழித்துக்கொள். இதில் அவசரமாக எங்கேயும் போக வேண்டிய ஆள் என் வீட்டில் இல்லை.

இதை இப்போது பெட்டியில் போடப்போகிறேன். டெல்மர் ரோடு காய்ந்தால்தான் வருவார். மேகத்தைப் பார்த்தால் இன்னும் ஐந்தாறு நாள் ஆகும். பிறகு மைல்ஸ் சிட்டி போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் கிடேரிகளெல்லாம் ஈன்று முடித்திருக்கும்.

ஃபோன் என் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நீ அதன் பக்கத்திலேயே படுப்பதாக எழுதியிருந்தாய். அன்றைக்கும் நான் எடுக்கவில்லை. இன்றைக்கும் எடுக்கவில்லை.

வெர்னா